பினாங்குக் குருமடமும் குழாய் ஆர்கனும்

பினாங்குத் தீவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பல் தலைவர் பிரான்சிஸ் லைட்டிடமிருந்தே தொடங்குவர். 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் அவர் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அதன்பின் நான்கே நாளில் நிகழ்ந்த மற்றொரு வருகையைப் பலர் அறியார். கெடாக் கரையில் வாழ்ந்த கத்தோலிக்க யுரேசியக் குடும்பங்கள் சில, ‘ஸ்பீட்வெல்’ என்னும் மரக்கலத்தில் ஏறி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டி இத்தீவில் வந்திறங்கின. அவர்களை அழைத்து வந்தவர் சியாம் மறைத்தளத்தின் மேற்றிராணியார் கார்னோ. அவர் பாரிஸ் நகரத்து வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குரு. வந்த நாளின் பெயரையே தங்கள் கோவிலுக்கும் சூட்டினர். விண்ணேற்பு அன்னை ஆலயம் என்று இன்றும் வழங்கும் கோவிலின் பிறப்பு அதுவே.

அச்சபை இத்தீவில் எழுப்பிய சிறு கோவில்களும் அவற்றுள் ஒன்றில் 1916ஆம் ஆண்டு முதல் நிற்கும் குழாய் ஆர்கனும் ஒரு சமயத்தாரின் உடைமைகள் மட்டும் என்று எண்ணி நாம் கடந்து போவது வழக்கம். ஆயின் இவ்வரலாற்றின் இழை ஒன்று தமிழகத்து மண்ணின் வழியே ஓடுகிறது. கட்டடம் அழிந்த பின்னும் ஒரு நிறுவனம் எவ்வாறு வாழ்கிறது, கருவி நின்ற இடத்திலேயே நின்றாலும் இசை எவ்வாறு மறைகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கும் இவ்வரலாற்றில் விடை உண்டு. அவ்விரண்டும் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய வினாக்கள்.

அயுத்தியாவிலிருந்து அரிக்கமேட்டுக்கு

பாரிஸ் வேதபோதக சபை 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது. கீழ்த்திசை நாடுகளில் அந்தந்த நாட்டு மக்களையே குருக்களாகப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். ஐரோப்பியக் குரு நோயால் இறக்கலாம். அரசனின் ஆணையால் நாடு கடத்தப்படலாம். மண்ணின் மைந்தனோ மக்களோடு மக்களாய் மறைந்திருந்தும் பணி செய்வான் என்று அச்சபையார் கருதினர். அந்நோக்கத்தோடு 1665ஆம் ஆண்டு சியாம் நாட்டின் அன்றைய தலைநகரான அயுத்தியாவில் ஒரு குருமடம் நிறுவப்பட்டது. ஒரு நாட்டுக்கென்று அமையாமல் பல நாட்டு மாணவர்க்கும் பொதுவாய் இருந்தமையால் அது ‘கொலேஜ் ஜெனரல்’, அதாவது பொதுக் குருமடம், எனப் பெயர் பெற்றது.

நூறாண்டு நிலைத்த அம்மடம் பர்மியப் படையெடுப்பால் சிதறியது. 1767இல் அயுத்தியா நகரமே வீழ்ந்தது. அதற்கு முன்பே ஆசிரியரும் மாணவரும் வெளியேறி, கம்போடியக் கரையோரம் ஹொன் தாத் என்னுமிடத்தில் ஓலைக் குடிசைகளில் மீண்டும் பாடம் தொடங்கியிருந்தனர். அங்கும் அமைதி கிட்டவில்லை. மடத்தின் தலைவர் பிக்னோ தெ பெஹேன் சிறைப்பட்டுக் கழுத்தில் மரச்சட்டம் பூட்டப்பட்டார். மடமும் தாக்கப்பட்டது. எஞ்சியோர் மலாக்கா வழியாகக் கடல் கடந்து புதுச்சேரி சேர்ந்தனர்.

தமிழாசிரியர்கள் சற்று நின்று நோக்க வேண்டிய இடம் இதுதான். 1770ஆம் ஆண்டு முதல் அம்மடம் இயங்கிய ஊர் புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள வீராம்பட்டினம். அதை அடுத்து, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் உள்ள மேடே அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்து, ரோமானியர் தமிழகத்தோடு வாணிகம் செய்தமைக்குச் சான்றான மட்பாண்டங்களை வெளிக்கொணர்ந்தார். அம்மேட்டின் மேல் இன்றும் இடிந்து நிற்கும் செங்கற் சுவர்களைக் காண்போர் அவையும் சங்ககாலத்தவை என்று மயங்குவதுண்டு. உண்மையில் அவை 18ஆம் நூற்றாண்டு வேதபோதகர் இல்லத்தின் எச்சங்கள். யவனர் கலம் வந்த துறையில், சியாமிலிருந்து துரத்தப்பட்ட ஒரு கல்விக்கூடம் 12 ஆண்டுகள் அடைக்கலம் பெற்றிருந்தது.

அந்த ஆண்டுகள் வீணாகவில்லை. வீரமாமுனிவரின் சதுரகராதி தோன்றி 41 ஆண்டுகளுக்குப் பின், 1773இல், பிக்னோ தெ பெஹேன் தம் வியட்நாமிய உதவியாளரைக் கொண்டு வியட்நாம் மொழிக்கும் இலத்தீனுக்குமான ஓர் அகராதியைப் புதுச்சேரியில் எழுதி முடித்தார். ஒரு மொழியின் அகராதி அம்மொழி பேசப்படாத தமிழ் மண்ணில் உருவானது என்பது வியப்பாகத் தோன்றலாம். நாட்டை இழந்தவர் மொழியை மட்டும் விடாது கையோடு கொண்டு சென்றனர் என்றே அதற்குப் பொருள் கொள்ளல் வேண்டும். மாணவர் தொகை குறைந்து போகவே 1782இல் வீராம்பட்டினத்து மடம் மூடப்பட்டது.

புலாவ் திக்குஸில் ஊன்றிய வேர்

மடம் மூடப்பட்டாலும் அதன் நினைவு மூடப்படவில்லை. 1808ஆம் ஆண்டு, மக்காவிலிருந்து லொலிவியே என்னும் குரு சீன மாணவர் சிலரோடு பினாங்கு வந்து பொதுக் குருமடத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் சமயத் துன்பம் இல்லை. சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல்வழியில் கப்பல்கள் ஓயாது வந்து போயின. இவ்விரண்டு வசதியும் இத்தீவுக்கு இருந்தன. புலாவ் திக்குஸ் கடற்கரையில் மடம் அமைந்தது. சீனர், வியட்நாமியர், சியாமியர், பர்மியர், பின்னாளில் கொரியர் எனப் பல இனத்து இளைஞர் அங்கே ஒரே கூரையின் கீழ்ப் பயின்றனர். அவர்களுக்குள் பொதுமொழி ஏதும் இல்லாமையால் இலத்தீனே பாடமொழியாயிற்று. மாணவர் ஒருவரோடொருவர் பேசிக் கொண்ட மொழியும் அதுவே.

அம்மடத்தின் சிறு கோவிலில் வேண்டுதல் செய்து புறப்பட்ட மாணவர் எல்லாரும் முதுமை கண்டவர் அல்லர். வியட்நாமில் சமயத் தடை கடுமையாக இருந்த காலம் அது. பிலிப் மின் என்பவர் பினாங்கில் பயின்றவர். வியட்நாமிலிருந்து வெளியேறி இங்கும் பின்னர் வங்காளத்திலும் தங்கியிருந்த மேற்றிராணியார் தபேர்டுக்கு அகராதிப் பணியில் அவர் துணை நின்றார். புதுச்சேரியில் பிக்னோ தொடங்கி வைத்த அந்த அகராதியே தபேர்டின் கையால் விரிவடைந்து 1838இல் சேராம்பூரில் அச்சேறியது. தமிழ் மண்ணில் முளைத்த நூல், பினாங்கு மாணவர் ஒருவரின் உழைப்பையும் சேர்த்துக்கொண்டு வங்கத்து அச்சகத்தில் நிறைவெய்தியது. பிலிப் மின் தாய்நாடு திரும்பிக் குருப்பணி செய்து, 1853இல் கொல்லப்பட்டார். பினாங்கில் பணிபுரிந்த பிரெஞ்சுக் குருக்களான அம்பேர், ஷஸ்தான் ஆகிய இருவரும் 1839இல் கொரியாவில் தலை வெட்டுண்டனர். இம்மூவரும் இன்று கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதர் வரிசையில் வைத்து எண்ணப்படுகின்றனர்.

எழுந்த கோவில்கள்

மடத்தைச் சூழ்ந்தும் நகரத்திலும் கோவில்கள் எழுந்தன. 1811இல் புக்கெட் தீவிலிருந்து வந்த யுரேசியர் புலாவ் திக்குஸில் அமலோற்பவ மாதா ஆலயத்தை அமைத்தனர். நகரத்தில் விண்ணேற்பு அன்னை ஆலயம் முதலில் சர்ச் ஸ்திரீட்டிலும், பின்னர் லவ் லேனிலும் இருந்தது. இறுதியாகப் பர்குவார் ஸ்திரீட்டில் இன்று காணும் கட்டடம் 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் மனிசோல் சுவாமியாரின் முயற்சியால் எழுந்தது. மக்கள் பெருகவே 1928இல் இரு மருங்கிலும் சிறகுகள் சேர்த்து அதை விரிவாக்கினர். 1852இல் வந்த குழந்தை இயேசு சபைக் கன்னியர் லைட் ஸ்திரீட்டில் மடமும் பள்ளியும் சிறு கோவிலும் அமைத்தனர். அதே ஆண்டில் வந்த லசால் சபைச் சகோதரர் புனித சவேரியார் பள்ளியை ஏற்றனர். தீவுக்கு எதிர்க்கரையில் புக்கிட் மெர்தாஜம் குன்றடியில் சீன உழவர்க்கென எழுந்த புனித அன்னம்மாள் கோவில், நாளடைவில் ஆண்டுதோறும் ஜூலை மாதத் திருவிழாவுக்குத் தமிழர் திரள் திரளாகச் செல்லும் தலமாயிற்று.

தமிழ்க் கத்தோலிக்கருக்கெனப் பினாங்கு ரோட்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயம் 19ஆம் நூற்றாண்டில் தோன்றியது. சோழமண்டலக் கரையிலிருந்து நாகப்பட்டினம் வழியே வந்து இறங்கிய மக்களுக்குத் தம் மொழியில் பாவசங்கீர்த்தனம் செய்யவும் பிரசங்கம் கேட்கவும் ஓர் இடம் வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் குருக்கள் சிலர் அதற்காகவே தமிழ் கற்றனர். அவர்களுள் ஒருவரான ரெனே ஃபே சுவாமியார் பேராக் மாநிலத்துப் பாகான் செராயில் தமிழ்க் குடியானவர்களுக்குக் குடியிருப்பு அமைத்தவர். 1896இல் மலாக்கா மேற்றிராணியாரானார். இவர்கள் தமிழ் கற்பதற்கு வழி முன்னரே செப்பனிடப்பட்டிருந்தது. புதுச்சேரி மறைத்தளத்தை 1776இல் ஏற்றதும் இதே பாரிஸ் சபைதான். அச்சபைக் குருக்களான முசே, துய்புய் இருவரும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855 முதல் புதுவையில் அச்சாயிற்று. பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழ் கற்க வேண்டின், கையில் எடுக்க நூல் இருந்தது.

காற்றால் பாடும் கருவி

இனி ஆர்கனுக்கு வருவோம். தமிழர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்தனர். குழாய் ஆர்கன் துளைக்கருவி வகையைச் சேர்ந்தது. புல்லாங்குழலில் ஒரே குழலில் பல துளைகளைத் திறந்து மூடிப் பல சுரம் எழுப்புகிறோம். ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் குழல் உண்டு. ஊதுவோனின் வாய்க்குப் பதிலாகத் துருத்தி காற்றைத் தருகிறது. அக்காற்று ஒரு பேழையில் அடைபட்டு நிற்கும். வாசிப்பவர் கட்டையை அழுத்தியதும் அதற்குரிய அடைப்பு திறந்து காற்று குழலில் ஏறும். நீண்ட குழல் தாழ்ந்த ஒலியையும் குறுகிய குழல் உயர்ந்த ஒலியையும் தரும். மரக்குழலின் ஒலி மென்மையானது; ஈயமும் வெள்ளீயமும் கலந்த உலோகக் குழலின் ஒலி கணீரென்றது. கைக்கட்டைகளோடு காலால் மிதிக்கும் கட்டைகளும் இருப்பதால், வாசிப்பவரின் நான்கு உறுப்புகளும் ஒருங்கே உழைக்க வேண்டும்.

கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், அலெக்சாந்திரியா நகரத்துக் கிதேசிபியோஸ் என்னும் பொறிவல்லார் நீரின் அழுத்தத்தைக் கொண்டு காற்றைச் சீர்ப்படுத்தி இக்கருவியை முதலில் செய்தார் என்பர். ரோமானியர் அதனைக் களியாட்டக் களங்களில் முழக்கினர். ஆதலால் தொடக்கக்காலக் கிறிஸ்தவர் அதைக் கோவிலில் சேர்க்கவில்லை. கேளிக்கைக் கருவியாய் இருந்தது வழிபாட்டுக் கருவியாக மாறப் பல நூற்றாண்டுகள் சென்றன.

பாரிஸ் வேதபோதக சபைக்கும் இசைக்கும் உள்ள உறவு சிறியதன்று. பாரிஸில் உள்ள அச்சபைக் கோவிலில் 1843 முதல் 1848 வரை ஆர்கன் வாசித்துப் பாடகர் குழுவை நடத்தியவர் ஷார்ல் குனோ. பின்னாளில் ‘ஃபாஉஸ்ட்’ இசைநாடகத்தால் உலகப் புகழ் பெற்றவர் அவரே. கீழ்த்திசைக்குப் புறப்படும் இளங்குருக்களை வழியனுப்பும் சடங்கில் பாடப்பெறும் பாட்டுக்கு அவர் இசையமைத்தார். அப்பாட்டின் சொற்களை எழுதிய தல்லே சுவாமியார் மைசூர் மறைத்தளத்தில் பணி செய்தவர். புறப்படும் குருக்கள் பீடத்தின் முன் வரிசையாக நிற்க, உறவினரும் நண்பரும் வந்து அவர்கள் பாதங்களை முத்தமிடுவர். மீண்டும் காண்போம் என்னும் உறுதி எவருக்கும் இராது. அந்த ஒலியைக் காதில் ஏந்தி வந்தவர்களுக்கு, நல்ல இசையின்றிக் கோவில் நிறைவு பெறாது என்று தோன்றியிருப்பின் அதில் வியப்பில்லை.

விண்ணேற்பு அன்னை ஆலயத்து ஆர்கன் இங்கிலாந்தில் ஓக்கம் என்னும் ஊரில் மார்ட்டன்-மூடி என்னும் பட்டறையாரால் 1914இல் செய்யப்பட்டு, 1916இல் கோவிலில் நிறுவப்பட்டது. ஐரோப்பா முழுவதும் போர்த்தீயில் எரிந்த ஆண்டுகள் அவை. 1914இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் ‘எம்டன்’ சென்னையில் குண்டு வீசிய பின், பினாங்குத் துறைமுகத்திலும் புகுந்து கப்பல்களை மூழ்கடித்தது. அத்தகைய காலத்தில் இங்கிலாந்தில் உருவான இக்கருவி இக்கோவிலின் மாடத்தில் வந்தமர்ந்தது.

வாசிப்போன் இன்றேல்

குளிர்நாட்டுக் கருவிக்கு நம் நாட்டு வெப்பம் பகை. ஈரத்தால் மரம் ஊதும், வறட்சியால் வெடிக்கும். துருத்தியின் தோல் இற்றுப் போகும். கரையானும் எலியும் நுழையும். வெப்பம் மாறினால் குழல்களின் சுருதியும் மாறும். ஆகவே ஆர்கனை வாங்குவதைக் காட்டிலும் காப்பதே அரிது. பிலிப்பீன் தீவில் லாஸ் பின்யாஸ் என்னும் ஊரில் தியேகோ செரா என்னும் குரு 1816 முதல் 1824 வரை உழைத்து ஓர் ஆர்கன் செய்தார். அதன் 1,031 குழல்களில் 902 மூங்கிலால் ஆனவை. பூச்சி அரிக்காதிருக்க அம்மூங்கில்களை மணலில் புதைத்து வைத்துப் பின்னர் எடுத்தனர். அதுவும் நிலநடுக்கத்தாலும் புயலாலும் பழுதுற்றது. 1973இல் ஜெர்மனிக்கு எடுத்துச் செல்லப்பட்டுச் சீர் செய்யப்பெற்று 1975இல் ஊர் திரும்பியது.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கருவிகளைக் கூறுவதோடு நில்லாது, குழலோன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும், யாழாசிரியன் எத்தகையவனாய் இருத்தல் வேண்டும் என்று தனித்தனியே இலக்கணம் வகுக்கும். கருவியின் சிறப்பு அதைப் பயின்ற கையில் உள்ளது என்பது இளங்கோவடிகள் காலத்திலேயே தமிழர் கண்ட உண்மை. ஆர்கனுக்கும் அதே விதிதான். வாசிப்பவர் ஒருவர், சுருதி சேர்ப்பவர் ஒருவர், அவர்களுக்குப் பின் வருவோரைப் பயிற்றுவிப்பவர் ஒருவர் எனத் தொடர்பு அறாதிருந்தால்தான் அது கருவி. தொடர்பு அறுந்தால் அது மரமும் ஈயமும் சேர்ந்த குவியல்.

தமிழ் மக்களின் சிறு கோவில்களுக்குக் குழாய் ஆர்கன் எட்டாப் பொருள். அங்கே அதன் இடத்தைப் பிடித்தது ஆர்மோனியம். 1842இல் பாரிஸில் தெபேன் என்பவர் பதிவு செய்த அக்கருவி, காலால் மிதிக்கும் பெட்டியாக இந்தியா வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதனைத் தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து மறு கையால் வாசிக்கும் சிறு பெட்டியாக மாற்றியமைத்தார். நாடகக் கொட்டகைக்கும் பஜனை மடத்துக்கும் சென்ற அதே பெட்டி, தோட்டப்புறத்து ஓலைக் கோவிலுக்கும் சென்றது. உலகப் பெருங்கருவியும் எளிய பெட்டியும் காற்றாலேயே பாடுபவை. ஒன்று மாளிகையில் நிலைத்தது. மற்றொன்று மக்களோடு நடந்தது.

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சட்டத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்து இடம்பெற்றது குறிப்பிடத்தக்கது. அதன் 119ஆம் பிரிவு, அந்தந்த நாட்டு மக்களின் மரபிசைக்கு வழிபாட்டில் உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றது. 120ஆம் பிரிவு, குழாய் ஆர்கனைப் பெரிதும் போற்ற வேண்டும் என்றது. ஏட்டில் இரண்டும் அருகருகே நின்றாலும் நடைமுறையில் ஒன்று வளர்ந்தது, மற்றொன்று தளர்ந்தது. இலத்தீன் பூசை தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடைபெறலாயிற்று. தமிழ் மக்கள் தம் மொழியில் பாடினர். அது பெரும்பேறு, ஐயமில்லை. ஆயின் இலத்தீன் இசையோடு பிணைந்திருந்த ஆர்கன் பயிற்சி பல ஊர்களில் குன்றியதும் உண்மையே.

எஞ்சியவை

விண்ணேற்பு அன்னை ஆலயம் 1955இல் பினாங்கு மறைமாவட்டத்தின் பேராலயமாயிற்று. 2003இல், மேற்றிராணியார் அந்தோணி செல்வநாயகம் காலத்தில், அச்சிறப்பு கிரீன் லேன் பரிசுத்த ஆவி ஆலயத்துக்கு மாறியது. 2008இல் ஜார்ஜ் டவுன் உலக மரபுரிமை நகரமாக ஏற்கப்பட்டபோது பழைய ஆலயம் அதன் எல்லைக்குள் இருந்தது. அதன் ஆர்கன் நூறாண்டைக் கடந்து நிற்கிறது.

பொதுக் குருமடத்தின் கதை வேறு. புலாவ் திக்குஸ் கடற்கரையில் ஒன்றேமுக்கால் நூற்றாண்டு நின்ற மடம் 1980களில் நிலத்தை விற்றுத் தஞ்சோங் பூங்காவில் முன்னர் ஓய்விடமாயிருந்த மனைக்குப் பெயர்ந்தது. புனிதர்கள் முழந்தாளிட்ட மண்ணில் இன்று அங்காடி மாடங்கள் உயர்ந்துள்ளன. ஆயின் மடம் மறையவில்லை. அங்கு பயின்றவரும் கெடாவின் சுங்கைப் பட்டாணியில் பிறந்த இந்திய வம்சாவளியினருமான அந்தோணி சோத்தர் பெர்னாண்டஸ் 2016இல் மலேசியாவின் முதல் கர்தினாலானார். அயுத்தியாவில் எரிந்து, ஹொன் தாத்தில் சிதறி, அரிக்கமேட்டில் அவிந்து, பினாங்கில் மீண்டும் ஏற்றப்பட்ட விளக்கு அது. நான்கு முறை சுவர்களை இழந்தும் அது வாழ்ந்ததற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் ஓர் ஆசிரியரும் சில மாணவரும் எஞ்சியிருந்ததே.

நம் தோட்டப்புறங்களை இக்கண்கொண்டு நோக்குதல் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயங்களோடு சிறு கோவில்களும் மாதா கெபிகளும் பஜனைக் கூடங்களும் மறைந்தன. அங்கே ஆர்மோனியம் வாசித்தவர் யார், எந்தக் கையெழுத்துப் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடினர், எந்த ஊரிலிருந்து அந்த மெட்டு வந்தது என்பவற்றைக் கேட்டறிந்து எழுதி வைத்தவர் மிகச் சிலர். பிரெஞ்சுக் குருக்கள் தம் செயல்களை ஆண்டுதோறும் பாரிஸுக்கு எழுதியனுப்பினர். அதனால் அவர்கள் வரலாறு ஏட்டில் நிற்கிறது. அக்கோவில்களுக்குக் கல் சுமந்தும் காணிக்கை கொடுத்தும் பாடியும் வாழ்ந்த தமிழரின் வரலாறு முதியோர் நெஞ்சில் மட்டும் நிற்கிறது. அந்நெஞ்சங்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்து வருகின்றன.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கோவில் ஒன்றின் வரலாற்றை, அது எச்சமயத்தாருடையதாயினும், மாணவரைக் கொண்டு முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யலாம். பெரும்பொருள் வேண்டாம், ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப் பொழுதும் போதும். ஓலைக் குடிசையில் உட்கார்ந்து அகராதி எழுதியவர்கள் வேறெதையும் கையில் வைத்திருக்கவில்லை.